மதிலுக்குக் கீழே போன சைக்கிள்

ஒருவருக்கு உதவி செய்யப் புறப்படுகிறவன் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்? உதவி பெறுபவரிடம் மட்டும் கேட்டால் போதுமா?

சமூகவியல் படித்த காலத்தில் இதற்கு ஒத்த கேள்விக்கு நான் மூன்று பக்கம் விடை எழுதியிருக்கிறேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி மெய்யாகவே என்னைப் பிடித்து நிறுத்தியது சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், எங்கள் பேச்சில் ஓர் ஒழுங்கையில், பச்சை நிற இரும்புக் கேற்றுக்கு முன்னால்.

காலை ஒன்பது மணி இருக்கும். நான் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் அலியார் தன் சாய்வு சைக்கிளை நிறுத்தினார். அதில் இருப்பவர் ஏறக்குறைய மல்லாந்து சாய்ந்திருப்பார். கால்கள் முன்னே நீண்டு, முன் சில்லுக்கும் மேலே இருக்கும் பெடல்களை மிதிக்கும். முதுகுக்குப் பின்னால் ஐஸ் கரையாமல் காக்கும் ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐசும் கீரிமீனும். பெட்டியின் ஓரத்தில் நட்டிருந்த நீண்ட தடியின் நுனியில் ஒரு வெள்ளைத் துணி காற்றில் அசைந்தது.

நான் என் சாதாரண சைக்கிளில், அலுவலகக் கோப்பைக் கையில் பிடித்தபடி, அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இருவரும் கேற்றைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

கேற் படாரென்று திறந்தது. எனக்கு அக்கா முறையான, அந்த வீட்டுப் பரீதா ராத்தா வெளியே ஓடிவந்தார். தலைச்சீலை தோளில் கிடந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"யா அல்லாஹ்! புள்ளட வாப்பாக்கு என்ன? எப்ப மௌத்தாகின? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல?"

அவருடைய கணவரை இரண்டு நாட்களுக்கு முன்னர் நெஞ்சு வலியோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. மையித்து விழுந்த, அதாவது மரணம் நடந்த வீட்டு ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டுவது எங்கள் ஊர்களின் வழக்கம். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மறந்திருந்தோம்.

மீன் விற்கப் போன நாங்கள் இருவரும் ஒரு வீட்டு வாசலில் மரணச் செய்தியை நட்டுவிட்டு நின்றோம்.

"எனக்கு லிஸ்ட் வேணாம்"

அலியார் காக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைக் கடந்தவர். மீசை முளைத்த காலத்திலிருந்தே சைக்கிளில் மீன் விற்றவர். விடியற்காலையில் கரைக்கு வரும் தோணிகளிடம் மீன் வாங்கி, எட்டு மணிக்குள் ஒழுங்கைகளுக்குள் நுழைந்துவிடுவார். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் அவரை நம்பித்தான் உலையில் அரிசி போட்டன. எந்த வீட்டில் முள் கூடிய மீன் ஆகாது, எந்த வீட்டில் சூரை மீனுக்குச் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒருநாள் ஈர மணலில் மீன் கூடையோடு சறுக்கி விழுந்தார். முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் அடி. மூன்று மாதம் பலகையில் படுக்கை. பிறகு டொக்டர் சொன்னார்: சாய்ந்து இருக்கலாம், நடக்கலாம், ஆனால் சைக்கிள் ஆசனத்தில் நிமிர்ந்தோ குனிந்தோ இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கும் இதே தடைதான்.

நான் அப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உதவிக்குரியோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பதற்காகப் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். மடித்து என் கையிலேயே தந்தார்.

"எனக்கு லிஸ்ட் வேணாம் தம்பி. எனக்கு மறுகா சைக்கிள் ஓட ஏலுமா எண்டு பாருங்க."

"சந்தைக்குள்ள ஒரு இடம் எடுத்து இருந்து விக்கலாமே காக்கா?"

"சந்தையில இருந்தா நானும் ஒரு கடக்காரன். ஊட்டுக்கு ஊடு போனாத்தான் நான் அலியார். இப்பவே ஒருத்தன் மோட்டச் சைக்கிள்ள பீக்கரக் கட்டி, அதில மீன் மீன் எண்டு கத்திக்கிட்டு எங்கட ஒழுங்கைக்குள்ள வாறான். இன்னும் ரெண்டு மாசம் போனா எண்ட ஊடெல்லாம் அவண்ட ஊடு."

அவருக்கு இருந்த பயம் அதுதான். வீடுகள் கைமாறிவிட்டால், முதுகு சுகமானாலும் போவதற்கு இடம் இருக்காது.

முதலில் நான் விழுந்தேன்

எரிபொருளுக்காக ஊரே வரிசையில் நின்ற காலத்துக்குச் சற்று முன்னர், பிரதான வீதியில் ஒரு வெள்ளைக்காரர் புதுவிதமான சைக்கிளொன்றில் தெற்கு நோக்கிப் போவதைக் கண்டிருந்தேன். சாய்மனைக் கதிரையில் கிடப்பவரைப் போல் சாய்ந்துகொண்டு, முகத்தில் ஒரு களைப்பும் இல்லாமல் மிதித்துக்கொண்டு போனார். அலியார் காக்காவின் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது.

பாண்டிருப்பில் வெல்டிங் கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணனிடம் ஒரு படம் வரைந்து கொடுத்தேன். அவர் படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது சைக்கிளோ கட்டிலோ? சொன்னாத்தானே காலெத்தன எண்டு தெரியும்."

ஆனாலும் செய்து தந்தார். இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டினார். முன்னால் சிறுவர் சைக்கிளின் சில்லு. இரண்டு செயின்களை ஒன்றாக்கி நீட்டினார். பிளாஸ்டிக் கதிரையொன்றின் இருக்கையையும் முதுகையும் எடுத்துப் பஞ்சு வைத்துக் கட்டினார். மீன் பெட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு.

அலியார் காக்காவின் முதுகு இன்னொரு விழுகையைத் தாங்காது. எனவே நான் முதலில் பழகி, பிறகுதான் அவரை ஏற்றுவது என்று தீர்மானித்தேன். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும், கடற்கரை வீதிக்கு அப்பால் வீடில்லாமல் கிடக்கும் வெட்டைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன்.

இருபது வருடம் சைக்கிள் ஓடியவன் என்ற எண்ணம் முதல் நாளிலேயே உதிர்ந்தது. சாதாரண சைக்கிளில் விழப்போனால் உடம்பு தானாக ஒரு பக்கம் சரிந்து சமாளிக்கும். இதில் உடம்பு கதிரையோடு கிடக்கிறது, சரிவதற்கு இடமில்லை. பயத்தில் தோளை உயர்த்தினால் கைப்பிடி ஆடும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் பாம்பு போல நெளியும். ஒரு காலை உயரத்திலிருக்கும் பெடலில் வைத்து, மற்றக் காலால் நிலத்தை உந்தி, அந்தக் காலையும் துணிந்து மேலே தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் நிலத்தோடு நமக்கு ஒரு தொடர்பும் இல்லை. நான் அந்த நொடியில்தான் திரும்பத் திரும்ப விழுந்தேன்.

விழுந்தாலும் பெரிய காயமில்லை. ஆசனம் முழங்கால் உயரம்தான். மணல் வாய்க்குள் போகும், அவ்வளவே.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முதுகின் பாரத்தை முழுவதுமாகக் கதிரையிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரத்துத் தென்னைகளைப் பார்த்தேன். சைக்கிள் நேராகப் போனது. கண்ணுக்கு முன்னால் என் இரண்டு பாதங்கள், அவற்றுக்கு மேல் வானம். காற்று நெஞ்சில் மோதாமல் மேலால் போயிற்று. தொடையின் முன் தசைகள் மட்டும் எரிந்தன. பத்து நாளில் கடற்கரை வீதியில் ஓடத் தொடங்கினேன்.

ஊர் பேசாமல் இருக்குமா? வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கும், நடந்து போகிறவர் அமர்ந்திருப்பவருக்கும் சலாம் சொல்வது நமது ஒழுங்கு. தேநீர்க் கடை வாங்கில் இருந்த இருவர் என்னைக் கண்டு அதை வைத்தே விவாதம் தொடங்கினார்கள்.

"இவன் போறவனா, இரிக்கிறவனா? ஆரு முதல்ல சலாம் சொல்ற?"

"ரெண்டுமில்ல, படுத்திரிக்கான். படுத்தவனுக்கு நாமதான் சொல்லோணும்."

"படுத்தவனுக்குச் சலாம் சொல்ற மையவாடியில, மையித்துக்கு மச்சான்!"

எனக்கு வேறொரு கவலை. கடற்கரையிலிருந்து ஊருக்குள் திரும்பும்போது மேற்கே போக வேண்டும். நீட்டிய கால்கள், மரியாதைக் குறைவாக, நாங்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கியபடியே போகும். இதை மிகுந்த தயக்கத்தோடு அலியார் காக்காவிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஒரு நாளைக்கி அஞ்சு நேரம் அந்தப் பக்கம் பாத்து நெத்திய வெச்சிரிக்கன். வயித்துக்காக மிதிக்கிற கால அல்லாஹ் பொறுப்பான். நீங்க சைக்கிள விடுங்க, நான் ஏறுறன்."

ஏறினார். மூன்றே நாளில் என்னைவிட நன்றாக ஓடினார். மூன்று மாதம் மல்லாந்து கிடந்தவருக்கு முதுகைச் சாய்ப்பதில் பயம் இருக்கவில்லை.

காணாமற்போன தொப்பி

முதல் நாள் வியாபாரத்துக்குப் புறப்பட்டவர் நண்பகலுக்கு முன் திரும்பிவிட்டார். பெட்டியைத் திறந்து காட்டினார். ஐஸ் கரைந்த தண்ணீரில் மீன் அப்படியே கிடந்தது. ஏழு வீடுகளில் மட்டும் வாங்கியிருந்தார்கள்.

எனக்குக் காரணம் விளங்கவில்லை. மறுநாள் பின்னாலேயே போனேன். முதல் ஒழுங்கையிலேயே விளங்கிற்று.

எங்கள் ஒழுங்கைகளில் வீடுகள் நெருக்கமானவை, மதில்கள் உயரமானவை. பெண்கள் மதிலுக்கு உள்ளே இருந்தபடியே மீன்காரரைக் கண்டுகொள்வார்கள். அலியார் காக்காவின் வெள்ளைத் தொப்பி மதிலின் விளிம்பில் நகர்ந்து போவதைக் கண்டால் சட்டியோடு கேற்றடிக்கு வருவார்கள். அவர் உயரத்திலிருந்து கூவும் குரலும் மதிலைத் தாண்டி உள்ளே விழும். இப்போது தொப்பி மதிலுக்கு நான்கடி கீழே போய்க்கொண்டிருந்தது. குரல் மதிலின் அடிக்கல்லில் மோதி ஒழுங்கைக்குள்ளேயே சுற்றியது. பலமாகக் கூவினால் முதுகு பிடித்தது.

"காக்கா, நீங்க வந்தயா?" என்று ஒரு பெண் கேற்றின் இடுக்கால் கேட்டார். "தொப்பியக் காணல்ல, நான் அந்தப் பீக்கர்காரனிட்ட எடுத்துட்டன்."

நான் அவருடைய முள்ளந்தண்டை அளந்திருந்தேன், கால் நீளத்தை அளந்திருந்தேன். மதிலை அளக்கவில்லை.

நிறம் தெரிவு செய்தது

தடி நட்டுக் கொடி கட்டுவது என் யோசனை. தொப்பிக்குப் பதிலாக மதிலுக்கு மேலே கொடி நகரட்டும். கூவ வேண்டிய தேவையும் இல்லை, முதுகுக்கும் ஆறுதல்.

தேர்தல் நெருங்கிய காலம் அது. பச்சை கட்டினால் ஒரு கட்சி, மஞ்சள் கட்டினால் இன்னொன்று, நீலமும் சிவப்பும் அவ்வாறே. ஒரு கட்சிக்காரர் வீட்டில் மீன் விற்க, மறு கட்சிக்காரர் வீட்டை இழக்கக் கூடாது. ஒவ்வொரு நிறத்தின் விளைவையும் ஒரு தாளில் எழுதி நிதானமாக ஆராய்ந்தேன். எவரையும் புண்படுத்தாத ஒரே நிறம் வெள்ளை என்ற முடிவுக்கு வந்தேன்.

அலியார் காக்காவும் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். "வெள்ள நல்லம் தம்பி. தொப்பி மாதிரியே தெரியும்."

செல்வம் அண்ணன் பெட்டியின் ஓரத்தில் குழாய் ஒட்டித் தடியைச் செருகித் தந்தார். மூன்று பேர் நின்று அந்தக் கொடியைப் பார்த்தோம். மூவருடைய ஊரிலும் மரண வீட்டுக்கு வெள்ளைக் கொடிதான். மூவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த காலையில், ஓசை எதுவுமின்றி, ஒரு வெள்ளைக் கொடி மதிலுக்கு மேலால் நகர்ந்து வந்து பரீதா ராத்தாவின் வாசலில் நின்றது. முற்றத்தில் சாம்பலிட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கண்டார். இடுக்கால் பார்த்தபோது கோப்போடு ஓர் உத்தியோகத்தர் நிற்பதும் தெரிந்தது. அவர் வேறென்ன நினைப்பார்?

வாசலில்

அலியார் காக்கா எழும்ப முயன்றார். சாய்வு சைக்கிளிலிருந்து எழும்புவது ஒரே அசைவில் ஆகிற காரியமில்லை. அவருடைய முதுகுக்கு இன்னும் கடினம். அழுகிற பெண்ணின் முன்னால் காலை நீட்டிக் கிடந்தபடியே கத்தினார்.

"தங்கச்சி, மீன்! மீன் கொண்டந்திரிக்கன்! ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, மீன் தங்கச்சி!"

அந்தச் சொல் பரீதா ராத்தாவின் காதில் ஏறவில்லை. மண்ணில் அமர்ந்துவிட்டார். பக்கத்துக் கேற்றுகள் திறந்தன. இரண்டு பெண்கள் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து, ஆஸ்பத்திரியில் தந்தையோடு நிற்கும் மகனுக்கு அழைப்பு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணியோசை எவ்வளவு நேரம் நீண்டது என்று என்னால் சொல்ல முடியாது. என் கையிலிருந்த கோப்பு வியர்வையில் நனைந்திருந்ததை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு கரகரத்த குரல் வந்தது. "என்னத்துக்குப் புள்ள அழுற? கஞ்சி குடிச்சிட்டுத்தான் இரிக்கன். உப்பில்லாத கஞ்சி."

பரீதா ராத்தா போனைக் காதோடு அழுத்தியபடி மேலும் அழுதார். அது வேறு அழுகை. அது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்தார், சீலையை இழுத்துத் தலையை மூடினார், என்னை நோக்கித் திரும்பினார்.

"நீ படிச்ச புள்ளதானே?"



அலியார் காக்கா அதற்குள் எழும்பியிருந்தார். தடியைப் பிடுங்கினார். துணியைக் கழற்றி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒழுங்கையின் முடிவு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"இதோட போதும் தம்பி. மீன் திங்காட்டி ஒருத்தரும் மௌத்தாகப் போறல்ல. பயந்து மௌத்தானா நாமதான் பதில் சொல்லோணும்."

 அவருக்கு இருந்த ஒரே வழியை நானே திறந்து, நானே அடைத்துவிட்டிருந்தேன்.

யாரும் கேட்காத கேள்விகள்

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். அலியார் காக்கா வரத் தயங்கினார். வற்புறுத்தி அழைத்துப் போனேன். பரீதா ராத்தாவின் முற்றத்தில் ஒழுங்கைப் பெண்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் சிரிப்பு வெடித்தது.

"மாப்புள்ளமார் வந்துட்டாங்க. இப்ப ஆரக் கொல்ல வந்த?"

தேநீர் வந்தது. நான் மன்னிப்பைக் கூறினேன். கொஞ்சம் நீளமாகவே கூறினேன் போலும். பரீதா ராத்தா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சரி, சரி. நடந்தது நடந்துட்டு. காக்கா, கொடி என்னத்துக்குக் கட்டின?"

அவர் சொன்னார். முதுகு, சைக்கிள், மதில், தொப்பி, கைமாறிப்போகும் வீடுகள். அவர் மூன்று மாதம் பலகையில் கிடந்தது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வியாபாரத்தை விட்டுவிட்டார் என்றே நினைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பீக்கர்காரண்ட மீன் பழசு" என்றார் ஒருவர். "ஆனா அவன் வாறது தெரியுது."

பரீதா ராத்தா வாசல் கேற்றைத் திரும்பிப் பார்த்தார். பின்னர் கேட்டார்: "நாங்க உங்களக் காணோணும் எண்டுதானே பாக்கிறீங்க. நீங்க எங்களக் கண்டாப் போதாதா? அதில படுத்தா உங்கட கண் எந்த உசரத்தில இரிக்கி?"

அலியார் காக்கா தன் இடுப்புக்கும் கீழே கையைக் காட்டினார்.

"அப்ப மீன் வேணும் எண்டா கேற்றுட அடிக்கம்பியில பைய மாட்டுறம். பை தொங்கினா நில்லுங்க, கேற்றத் தட்டுங்க. தொங்காட்டிப் போங்க. கூப்பிடவும் தேவல்ல, கொடியும் தேவல்ல."

"பைய ஆராவது எடுத்துக்கிட்டுப் போனா?"

"மீன் பைய எவன் எடுப்பான்? எடுத்தா மணத்த வெச்சே பிடிக்கலாம்."

மறுநாள் காலையில் அந்த ஒழுங்கையில் நான்கு பைகள் தொங்கின. புல்லால் பின்னிய இரண்டு பன்பைகள், ஒரு பொலித்தீன் பை, ஒரு பழைய பாடசாலைப் பை. மதிலுக்குக் கீழே வந்தவருடைய கண்ணுக்கு நான்கும் நேராகத் தெரிந்தன.

அதற்குப் பிறகு மாறியவை சில. அலியார் காக்கா தினமும் தன் சுற்றுக்குப் போகிறார். பிரதான வீதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளுகிறார். எல்லா வீடுகளும் திரும்பி வரவில்லை; பத்துப் பன்னிரண்டு வீடுகள் மோட்டார் சைக்கிள்காரரோடு தங்கிவிட்டன. பரீதா ராத்தாவின் கணவர் சுகமாகி வந்து, உப்புக் குறைந்த மீன் கறிக்குக் கோபித்துக்கொண்டு இருக்கிறார்.

நான் இப்போது யாருக்காகப் படிவம் நிரப்பினாலும், அவரிடம் கேட்ட பிறகு, அவரிடம் வாங்குகிற, அவருக்குக் கதவு திறக்கிற வீடுகளிலும் போய்க் கேட்கிறேன். இதனால் ஒரு படிவத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகச் செல்கிறது.